பந்த் மேடையில் சொன்ன ‘5,000 கன அடி’: கணக்கை எப்படிச் சரிபார்ப்பது?

அல்சூர்வாசி:
குடும்ப குரூப்பில் காவிரித் தகராறு பத்தி ரெண்டு வீடியோ சுத்துது. ஒண்ணுல ஒரு கன்னட நடிகர் பந்த் மேடையில, “பதினஞ்சு நாள் தமிழ்நாட்டுக்கு 5,000 கன அடி விட்டா பெங்களூருக்குக் குடிக்கத் தண்ணி இருக்காது”ன்றார். இன்னொண்ணுல ஒரு தமிழ்நாட்டுக் கட்சிக்காரர், “வெள்ளம் வந்தா மட்டும் திறந்துவிட்டுக் கணக்குக் காட்டுறாங்க”ன்றார். எதை நம்புறது?

படிக்கல்:
முதல்ல நடிகர் கணக்கு. இங்க கன அடின்னா நொடிக்கு எத்தனை கன அடி ஓடுதுங்கிற அளவு. டி.எம்.சி.ன்னா மொத்தத் தண்ணி அளவு, நூறு கோடி கன அடி. 11,574 கன அடி ஒரு நாள் பூரா ஓடினா 1 டி.எம்.சி. அப்ப 5,000 × 15 = 75,000; வகுத்தா சுமார் 6.5 டி.எம்.சி.

பெங்களூருக்கு 2024 அக்டோபர்ல ஐந்தாம் கட்டம் திறந்த பிறகு காவிரித் திட்டத்தோட மொத்தத் திறன் நாளுக்கு 222.5 கோடி லிட்டர். மாசத்துக்கு ஏறக்குறைய 2.4 டி.எம்.சி. ஆக 6.5 ஒண்ணும் சின்ன அளவு இல்ல, கிட்டத்தட்ட மூணு மாசத் தண்ணி. ஆனா கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர் அணை) நிரம்பினா 49.45 டி.எம்.சி.; கபினி, ஹேமாவதி, ஹாரங்கி அணைகள் தனி.

அடிக்கணக்குல ஏமாறாதீங்க. கே.ஆர்.எஸ். முழு மட்டம் 124.80 அடி. 100 அடின்னா முக்காலுக்கு மேல இருக்குன்னு தோணும். இருப்பு பாதிக்கும் கீழதான். அணை குடம் மாதிரி இல்ல, வாணலி மாதிரி. மேல் அடிகள்லதான் தண்ணி.

குறைஞ்ச வருஷத்துல முதல்ல அடி வாங்குறது நம்ம குழாய் இல்ல, விஸ்வேஸ்வரய்யா கால்வாயை நம்புற மண்டியா நெல்லும் கரும்பும். மேடையில குடிநீர்னு சொன்னாத்தான் நகரத்துல கைதட்டு விழும்.

கடைமடை:
கட்சிக்காரர் சொல்வதில் பாதி உண்மை. 2018 பிப்ரவரி 16 உச்ச நீதிமன்றத் தீர்ப்புப்படி மாநில எல்லையில் தண்ணீரை அளக்கும் இடமான பிலிகுண்டுலுவில் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. வர வேண்டும். அதை மாதம் மாதமாகப் பிரித்திருக்கிறார்கள்: ஜூன் 9.19, ஜூலை 31.24, ஆகஸ்ட் 45.95, செப்டம்பர் 36.76. வெள்ளம் வந்த ஜூலையைக் காட்டி ஆண்டுக்கணக்கு முடிந்தது என்றால் செப்டம்பரில் சம்பாவுக்கு என்ன செய்வது? மேட்டூரே 93.47 டி.எம்.சி.தான் பிடிக்கும், மிச்சம் வழிந்து போகும்.

அவர் விட்ட பாதி: இந்த அட்டவணை ஆற்றில் 740 டி.எம்.சி. வரும் சாதாரண ஆண்டுக்கு உரியது. பற்றாக்குறை ஆண்டில் பங்குகளை விகிதப்படி குறைக்க வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றமே சொல்லியிருக்கிறது. எந்தத் தேதியில், எந்த அணையின் வரத்தை வைத்துக் குறைப்பது என்பதில்தான் காவிரி மேலாண்மை ஆணையத்தில் ஒவ்வொரு முறையும் இழுபறி.

இன்னொன்று, பிலிகுண்டுலு அளவு என்பது கே.ஆர்.எஸ்.ஸில் திறந்த அளவு அல்ல. நடுவில் கபினி, ஷிம்ஷா, அர்க்காவதி சேர்கின்றன. விருஷபாவதி வழியாக பெங்களூர்ச் சாக்கடையும் அந்தக் கணக்கில் ஏறுகிறது, அதை எந்த மேடையிலும் யாரும் சொல்வதில்லை!

அல்சூர்வாசி:
சரி, நடிகருங்க எதுக்கு நடுவுல வர்றாங்க?

படிக்கல்:
பாதி நேரம் இழுத்து விடப்படுறாங்க. தமிழ் நடிகர் சத்யராஜ் 2008 ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத் தகராறுல பேசினதை ஒன்பது வருஷம் கழிச்சு, 2017 ஏப்ரல்ல பட ரிலீஸ் நேரத்துல தோண்டி எடுத்தாங்க. வருத்தம் தெரிவிச்ச பிறகுதான் கர்நாடகத்துல படம் ஓடுச்சு. 2023 செப்டம்பர் 28, கர்நாடக பந்துக்கு முதல் நாள், நடிகர் சித்தார்த்தோட பெங்களூர்ப் பத்திரிகையாளர் சந்திப்பு நடுவுலயே நின்னுச்சு. மறுநாள் மேடையில கன்னட நடிகர் சிவராஜ்குமார் அதுக்கு மன்னிப்புக் கேட்டார். தமிழ்நாட்டுப் பக்கமும் சும்மா இல்ல: 2002 அக்டோபர்ல தமிழ்த் திரையுலகம் நெய்வேலியில ஒரு நாள் பேரணி, மறுநாள் ரஜினி சென்னையில தனியா உண்ணாவிரதம்.

கடைமடை:
வீடியோ எந்தக் காலத்தது என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. பேசுகிறவர் 205 டி.எம்.சி. கேட்டால் அது நடுவர் மன்றத்தின் 1991 இடைக்காலத் தீர்ப்பின் எண். 192 என்றால் 2007 இறுதித் தீர்ப்பு. 177.25 என்றால்தான் இப்போதைய கணக்கு. உங்கள் இரண்டாவது வீடியோவில் என்ன எண் வருகிறது?

அல்சூர்வாசி:
192.