கலப்புக் குப்பையிலிருந்து பொருள் மீட்கும் பொது ஆலை: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (திட்டக்குழு உறுப்பினர்):

வணக்கம். ஏழு உள்ளாட்சிகள் சேர்ந்து ஒரே ஆலை அமைக்கலாம் என்று பேசி வருகிறோம். வீடுகளில் பிரிக்காமல் கொடுக்கும் குப்பை, நாளொன்றுக்கு 300 டன். அதிலிருந்து தாள், பிளாஸ்டிக், உலோகம் எடுக்க வேண்டும். இயந்திரம் விற்க வந்தவர்கள் 80 சதவீதம் மீட்கலாம் என்கிறார்கள். எனக்குப் பொறியியல் தெரியாது, ஆனால் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கிறேன். தப்பாகப் போனால் ஏழு ஊரும் இருபது வருடம் சுமக்க வேண்டும். முதலில் என்ன கேட்க வேண்டும்?

பதில் (ஷிப்ட் சூப்பர்வைசர்):

இப்படி ஓர் ஆலையில் பதினொரு வருடம் குப்பை ஓடும் பெல்ட் பக்கத்திலேயே நின்றவன் நான். இயந்திரப் பட்டியலை இப்போதைக்கு மூடி வையுங்கள். முதல் வேலை, உங்கள் குப்பையை நீங்களே கையால் பிரித்துப் பார்ப்பது. வண்டி கொட்டிய குவியலை நன்றாகக் கலந்து, நான்காகப் பங்கிட்டு, எதிரெதிராக உள்ள இரண்டு பங்குகளை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து, சுமார் 100 கிலோ மிஞ்சும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள். அதைத் தாள், அட்டை, பிளாஸ்டிக், உலோகம், உணவு என்று பிரித்து எடை போடுங்கள். ஏழு ஊருக்கும் தனித்தனியாக, ஒவ்வொன்றிலும் ஒரு வாரம். மழையில் ஒரு தடவை, வெயிலில் ஒரு தடவை.

மழையை ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் ஆலையை வறண்ட மாதத்தில் எடுத்த மாதிரியை வைத்துத்தான் திட்டமிட்டார்கள். மழை பிடித்ததும் குப்பை களியாக வந்தது. சுழல் சல்லடையின் ஓட்டைகள் அடைத்துக்கொண்டன. துணி, கயிறு, பிளாஸ்டிக் தாள் எல்லாம் தண்டில் முறுக்கிக்கொண்டு தொடை பருமனுக்குச் சுற்றிவிடும். மின்சாரத்தை நிறுத்தி, பூட்டுப் போட்டு, ஆட்கள் உள்ளே இறங்கிக் கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

தாளைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வேண்டாம். தாளை அழுத்திக் கம்பியால் கட்டிய கட்டைப் பேல் என்போம்; வாங்கியவர் திருப்பி அனுப்பிய எங்கள் முதல் பேலின் கம்பியை நான்தான் வெட்டினேன். உள்ளே கை வைத்தால் சூடு, புளித்த வாடை, நடுவில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. சோற்றோடு ஒரே பையில் ஊறிய தாளை எந்த இயந்திரமும் பழையபடி ஆக்காது. சீனா 2018-இல் இறக்குமதியாகும் பழைய தாளில் 0.5 சதவீதத்துக்கு மேல் கலப்பு கூடாது என்றபோது, தனியாகச் சேகரித்த தாளே தடுமாறியது.

உலோகம் அப்படியில்லை. இரும்பைக் காந்தம் இழுத்துவிடும், அலுமினியத்தை எடி கரண்ட் பிரிப்பான் (வேகமாகச் சுழலும் காந்தம் கொண்ட கருவி) எகிறச் செய்து தனியே தள்ளும். அழுக்காக இருந்தாலும் வாங்க ஆள் உண்டு. பிளாஸ்டிக்கில் அகச்சிவப்பு ஒளி வைத்துப் பிரிக்கும் கருவி நன்றாக வேலை செய்யும். ஆனால் கருப்புத் தட்டுகளில் இருக்கும் கார்பன் நிறமி ஒளியை உறிஞ்சிவிடுவதால் வழக்கமான கருவிக்கு அவை தெரிவதே இல்லை.

அந்த 80 சதவீதத்தை எழுத்தில் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்: ஆவியாகும் ஈரம் எவ்வளவு, எரிபொருளாகப் போவது எவ்வளவு, ஒருவர் காசு கொடுத்து வாங்கிப்போவது எவ்வளவு. எனக்கு முக்கியம் கடைசி எண்தான்.

திறனையும் நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு ஷிப்ட், 16 மணி நேரம். 300-ஐ 16-ஆல் வகுத்தால் மணிக்கு 19 டன் என்று வரும். ஆனால் பெல்ட் ஓடுவது அதில் 85 சதவீத நேரம் என்று வைத்தால் 22 டன் வேண்டும். 19-ஐ நம்பி வாங்கினால் தினமும் குவியல் மிஞ்சும். அப்புறம், இயந்திரம் இரண்டு நாள் நின்றால் 600 டன்னை எங்கே வைப்பீர்கள்? கன மீட்டருக்கு 300 கிலோ என்றாலும் 2,000 கன மீட்டர். 3 மீட்டர் உயரத்துக்குக் கொட்டினாலும் கிட்டத்தட்ட 670 சதுர மீட்டர், வண்டி திரும்பும் இடம் தனி. வரைபடத்தில் முதலில் சுருக்குவது இந்தக் கொட்டகையைத்தான், விடாதீர்கள்.

பதில் (ஒப்பந்தங்கள் பார்ப்பவர்):

மேலே சொன்னதோடு ஒன்று. 'தினம் இத்தனை டன் தருவோம், குறைந்தாலும் பணம் உண்டு' என்ற பிரிவைக் கவனியுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு ஊர் வீட்டிலேயே உணவுக் கழிவைப் பிரிக்கத் தொடங்கினால், நல்ல காரியம் செய்ததற்கு அபராதம் கட்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 முதல், தனியாகச் சேகரிக்காத மக்கும் குப்பையை உரமாக்கினால் அதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்க முடியாது. பிரித்து வரும் உணவுக் கழிவுக்கென்று இரண்டாவது நுழைவாயிலுக்கு இப்போதே இடம் விடுங்கள்.

பதில் (சேகரிப்போருடன் வேலை செய்பவர்):

தெருவில் பொறுக்கிப் பிழைப்பவர்கள் நல்ல பொருளை முன்பே எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் எடுத்தது போக மீதிதான் உங்கள் 300 டன். அவர்களைக் குழுவில் உட்காரவையுங்கள். எந்தப் பிளாஸ்டிக்கை யார் வாங்குவார் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி (திட்டக்குழு உறுப்பினர்):

எல்லோருக்கும் நன்றி. கைப்பிரிப்பு ஆய்வை அடுத்த கூட்டத்தில் வைக்கிறேன். தீ விபத்து பற்றியும் ஒருவர் பயமுறுத்தினார். உண்மையா?

பதில் (ஷிப்ட் சூப்பர்வைசர்):

உண்மை. லித்தியம் பேட்டரி, குப்பைப் பையைக் கிழிக்கும் இயந்திரத்தில் நசுங்கினால் உடனே பொறி வரலாம், குவியலுக்குள் போய் ராத்திரி பற்றவும் செய்யலாம். எங்களுக்கு ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்குப் பற்றியது. வெப்பத்தைக் காட்டும் கேமராவைக் கொட்டகைக்கு மேலே பொருத்துங்கள். ஷிப்ட் முடியும்போது கொட்டகைத் தரையும் பெல்ட்டும் காலியாக இருக்க வேண்டும். மீதம் இருந்தால் இரவில் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், அந்தச் சம்பளத்தையும் திட்டச் செலவில் எழுதிவிடுங்கள்.