ஹாலோவீன் ‘கண்விழி’ சீஸ் உருண்டை நீர் விடுகிறது: அடுப்பில்லாமல் என்ன செய்யலாம்?

எடிசன்வாசி:
அக்டோபர் 31 மாலை, குழந்தைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வந்ததும் எங்கள் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் சிறு விருந்து. அங்கே அடுப்பும் இல்லை, ஓவனும் இல்லை. ஒரு குளிர்பெட்டி மட்டும் உண்டு. சாப்பாட்டுக்கு முன் கொறிக்க ஏதாவது கொண்டுவருவது என் பொறுப்பு.

சிறிய மொசரெல்லா சீஸ் உருண்டையில் குழி தோண்டி, கறுப்பு ஆலிவ் வளையத்தைப் பதித்து, சிவப்பு உணவு வண்ணத்தில் நரம்புகள் வரைந்து கண்விழியாக்குவது திட்டம். வீட்டில் செய்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் தட்டில் நீர் தேங்கிவிட்டது. ஆலிவின் கறுப்பு வெள்ளையில் இறங்கியது. நரம்புகள் கலைந்து மொத்தமும் இளஞ்சிவப்பு. பயமுறுத்த வேண்டிய கண், அழுது வீங்கிய கண்ணாகிவிட்டது. வருபவர்களில் சைவக் குடும்பங்களும் உண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளும் உண்டு. வழி சொல்லுங்கள்.

கறிவேப்பிலை:
மூன்றுக்கும் காரணம் ஈரம்தான். அந்த உருண்டைகள் நீரில் மிதந்தபடியே விற்பனைக்கு வருபவை. முந்தைய இரவே வடித்து, ஈரம் உறிஞ்சும் காகிதத் துண்டில் பரப்பி, மேலே இன்னொன்றைப் போர்த்திக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் காகிதத்தை மாற்றுங்கள். உப்புத் தூவவே வேண்டாம். உள்ளிருக்கும் நீரையும் அது வெளியே இழுத்துவிடும்.

டப்பாவில் வரும் கறுப்பு ஆலிவ் மரத்தில் கறுத்துப் பழுத்தது அல்ல. காரக் (அல்கலி) கரைசலில் ஊறவைத்து, காற்றுப்படச் செய்து கறுக்கவைத்து, நிறம் நிலைக்க ஃபெரஸ் குளுக்கோனேட் என்ற இரும்புச் சேர்மத்தைச் சேர்க்கிறார்கள். கழுவி நன்கு துடைத்தால் கறை குறையும். அதைவிட, காரமற்ற சிவப்பு மிளகாய்த் துண்டு திணித்த பச்சை ஆலிவை வாங்கிக் குறுக்கே நறுக்குங்கள். பச்சை விழி, நடுவே சிவப்புக் கண்மணி. தனியாக எதுவும் வரைய வேண்டியதில்லை.

நரம்பு வேண்டுமே வேண்டும் என்றால், தக்காளிப் பேஸ்ட்டைப் பல்குச்சி நுனியில் தொட்டு இழுங்கள். திரவ வண்ணம் ஈரத்தில் பரவத்தான் செய்யும்.

மார்கழிக்குளிர்:
ஈரம் போனாலும் சுவை எங்கே? என்னைக் கேட்டால் மொசரெல்லாவே வேண்டாம். கிரீம் சீஸில் மிளகுத்தூளும் பொடியாக நறுக்கிய கொத்தமல்லியும் சேர்த்து, குளிரவைத்து உருட்டிவிடலாம்.

இன்னொன்று. சைவர்கள் வருகிறார்கள் என்றால் சீஸ் உறையைப் படியுங்கள். பாலைத் திரிக்கும் ரென்னெட் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்தும் வரும், நுண்ணுயிரிகளிலிருந்தும் வரும். வெறும் ‘என்சைம்’ என்று போட்டிருந்தால் எதுவென்று தெரியாது. அலங்காரத்துக்கு மார்ஷ்மல்லோ வாங்க நினைத்தால் அதிலும் பெரும்பாலும் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கும்.

எடிசன்வாசி:
உறையில் ‘என்சைம்’ மட்டும்தான் இருக்கிறது. வேறு வாங்குகிறேன், நன்றி. கிரீம் சீஸ் கூடத்தின் சூட்டில் இளகிவிடாதா அக்கா?

மார்கழிக்குளிர்:
இளகும். அதனால் மொத்தத்தையும் மேசையில் அடுக்காதீர்கள். பாதியைக் குளிர்பெட்டியில் விட்டு, தட்டு காலியாகக் காலியாக எடுங்கள். எப்படியும் இத்தகைய உணவு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் பொது விதி.

இரட்டையரின்தாய்:
மூன்று வயதுப் பிள்ளைகளை எல்லாரும் மறந்துவிட்டீர்களே! உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும் எதுவும் அந்த வயதில் தொண்டையை அடைக்கும். முழுத் திராட்சையைக் கொடுக்காதீர்கள், நீளவாக்கில் நான்காக நறுக்குங்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். சிறியவர்களுக்குத் தனித் தட்டு வையுங்கள்: மென்மையான ரொட்டியில் கிரீம் சீஸை மெல்லியதாகத் தடவி, சீஸ் வில்லையை நாடாக்களாகக் கிழித்து எகிப்திய மம்மியின் கட்டுப்போல் குறுக்கும் நெடுக்கும் போட்டால் போதும். கண்ணுக்குப் பொடியாக நறுக்கிய ஆலிவ்.

பெரியவர்கள் தட்டிலும் பல்குச்சி குத்தாதீர்கள். யாராவது ஒரு பையன் அதை வாளாக்காமல் விடமாட்டான்.

எடிசன்வாசி:
மம்மி ரொட்டி கட்டாயம் உண்டு. புதிய மொசரெல்லாவை வடித்துவிட்டேன். தட்டில் நீர் இல்லை. உருண்டையை இரண்டாக வெட்டிக் கவிழ்த்து வெள்ளரி வில்லைமேல் வைத்தேன், உருளவும் இல்லை. ஆனால் இப்போது வெள்ளரி நீர் விடுகிறது!

கறிவேப்பிலை:
வெள்ளரியை விட்டுவிடுங்கள். உப்பு பிஸ்கட்டில் வையுங்கள், அதுவும் பரிமாறும் நேரத்தில்தான். முன்கூட்டியே வைத்தால் நமுத்துவிடும். அடியில் சிறிது கிரீம் சீஸ் தடவினால் கண் நழுவாது, ஈரமும் உடனே பிஸ்கட்டில் இறங்காது.