தம்பி பையில் வலி மாத்திரை அட்டை: என்ன செய்ய?

கேள்வி (பாம்பன்):
தம்பிக்கு 19 வயது, விசைப்படகுக்குப் போகிறான். பையில் டேபென்டடால் அட்டை பாதி காலியாகக் கிடந்தது, கேட்டால் வலை இழுத்த தோள்வலி என்கிறான், டாக்டர் சீட்டு கிடையாது. சாப்பாடு குறைந்துவிட்டது, பகலெல்லாம் தூக்கம். அப்பாவிடம் சொன்னால் அடிப்பார்.

பதில் (தொண்டி, மருந்துக்கடை):
தங்கச்சி, அது ஓபியாய்டு வகை, அதாவது அபின் மாதிரி வேலை செய்து பழக்கமாகிவிடும் வலி மருந்து, சீட்டில்லாமல் விற்கவே கூடாது. இதே வகை டிரமடாலை 2018-லேயே போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். ஆனால் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தொடர்ந்து எடுத்தவன் சட்டென்று நிறுத்தினால் உடம்புவலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, தூக்கமின்மை என்று வாட்டும், அதைத் தாங்காமல்தான் பலர் மறுபடி அதற்கே போகிறார்கள். டாக்டர் பார்த்துப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பதில் (மண்டபம்):
அக்கா, இதோடு சரக்கோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம். எழுப்பியும் எழவில்லை, உதடு நீலமாகிறது என்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து உடனே 108.

பதில் (கீழக்கரை):
அடி வேண்டவே வேண்டாம், பயந்தால் இன்னும் ஒளிப்பான். முதலில் நீங்களே 14446-க்குப் பேசுங்கள், அது போதை மீட்பு உதவி எண், மனநலத்துக்கு 14416. அப்புறம் ராமநாதபுரம் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், தோள்வலியையும் சேர்த்துக் காட்டுங்கள், அந்த வலி நிஜமாகவும் இருக்கலாம்.