நெயில் ஆர்ட்: உகிரோவியமா, நகக்கோலமா?

மயிலாடுதுறையிலிருந்து, திங்கள் இரவு

தமிழ்ச்சொல் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வியாழன் காலை அச்சகத்துக்குக் கோப்பு போயாக வேண்டும். எங்கள் மகளிர் குழுவில் அழகுக்கலை பயிலும் இருபது பெண்களுக்காகப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு கையேடு எழுதியிருக்கிறேன். கருவி எதையும் காசு கொடுத்து வாங்காமல், வீட்டில் கிடக்கும் கொண்டை ஊசி, பல்குச்சி, பஞ்சுத் துண்டு, ஒட்டுநாடா இவற்றை வைத்தே நகத்தில் விதவிதமாக வரைவது எப்படி என்பதுதான் பொருள். ஆடிப்பெருக்குக்கு முன்னால் புத்தகம் கைக்கு வந்துவிட்டால், அக்கம்பக்கத்துப் பெண்களுக்குப் போட்டுவிட்டு நாலு காசு பார்ப்பார்கள்.

உள்ளே பெரும்பாலும் தமிழ் அமைந்துவிட்டது. முதலில் பூசும் நிறமற்ற பூச்சு அடிப்பூச்சு, கடைசியில் பூசுவது மேற்பூச்சு. நெயில் பாலிஷ், நகப்பூச்சு. நெயில் ஆர்ட்டுக்கு அட்டையில் வர வேண்டிய சொல்தான் பிடிபடவில்லை. 'நகக்கலை' என்று எழுதி வகுப்பில் காட்டினேன். "எதைக் கலைக்க வேண்டும், அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். எட்டாம் வகுப்போடு நின்றவள். கை அத்தனை சுத்தம். அவள் பார்த்தவுடன் புரிந்துகொள்ளும் சொல் எனக்கு வேண்டும்.

கூடவே மூன்று சொற்கள்: நுனியில் மட்டும் வெள்ளை வைக்கும் பிரெஞ்ச் மெனிக்யூர், தண்ணீரில் பூச்சைச் சொட்டி எடுக்கும் வாட்டர் மார்பிள், நகம் தொடங்கும் இடத்தில் மெல்லிய தோலாகப் படர்ந்திருக்கும் கியூட்டிக்கிள்.

திருவையாற்றிலிருந்து, திங்கள் இரவு

அம்மா, நல்ல பணி. ஆனால் முதற்சொல்லிலேயே தடுக்கிறது. நகம் வடசொல். நமக்கு 'உகிர்' இருக்கிறது. சங்கப் பாடல்களில் புலியின் நகம் வள்ளுகிர். கன்னடத்தார் இன்றும் உகுரு என்கிறார்கள், துளுவரும் அப்படியே. தெலுங்கில் கோரு, மருதாணிக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயரே கோரிண்டாக்கு. அண்டை வீட்டார் பலரும் அன்றாடம் புழங்கும் சொல்லை நாம் மட்டும் பரண்மேல் போட்டுவிட்டோம். நம் பழைய மருத்துவ வழக்கில் நகச்சுற்றுக்கு உகிர்ச்சுற்று என்றே பெயர். முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன்: பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்தால் எந்தச் சொல்லும் புரியும். கற்றுக்கொடுக்க மனம் இல்லாதபோதுதான் அது கடினச் சொல் ஆகிறது.

உகிரோவியம் என்று போடுங்கள்.

மன்னார்குடியிலிருந்து, செவ்வாய் காலை

ஐயாவுக்கு வணக்கம். நான் வீட்டில் இதைத் தொடர்ந்து போடுகிறவள் என்பதால் எழுதுகிறேன். உங்கள் சொல்லை இன்று காலை மூன்று பேருக்குத் தொலைபேசியில் சொல்லி, எழுதி அனுப்பச் சொன்னேன். இரண்டு பேர் 'உயிரோவியம்' என்று எழுதி அனுப்பினார்கள். மூன்றாமவர் என் சித்தி. "என்ன, உதிரமா?" என்று பதறிவிட்டார்.

எங்கள் வீட்டில் இதற்கு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. "நகத்தில் கோலம் போடுகிறாள்" என்பார் அம்மா. பார்க்கப்போனால் அதுதான் நடக்கிறது. மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவின் முனையைப் பூச்சில் தொட்டுத் தொட்டுப் புள்ளி வைக்கிறேன். சுண்டுவிரலில் இரண்டு புள்ளிக்குமேல் இடம் கிடையாது. பெருவிரலில் மூன்று, அதற்கு நடுவே இரண்டு. வாசலில் ஊடுபுள்ளி வைக்கும் அதே கணக்கு. புள்ளி காய்வதற்குள் பல்குச்சியால் இழுத்தால் இதழ் வரும். காய்ந்தபின் இழுத்தால் அடிநிறமும் சேர்ந்து பெயர்ந்துகொண்டு வரும். இடக்கையால் வலக்கைக்குப் போடும்போது தூரிகையை நகர்த்தக் கூடாது. மணிக்கட்டை மேசையில் ஊன்றித் தூரிகையை அசையாமல் பிடித்துக்கொண்டு, நகத்தைத்தான் திருப்ப வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. கையேட்டில் இல்லாவிட்டால் சேர்த்துவிடுங்கள், அக்கா.

என் வாக்கு நகக்கோலத்துக்கு.

குடந்தையிலிருந்து, செவ்வாய் நண்பகல்

நகம் வடசொல் என்று ஐயா ஒரே வரியில் முடித்துவிட்டார். அது அவ்வளவு எளிதல்ல என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். நகு என்றால் ஒளிர்தல், சிரித்தல். நகை, அணிகலன். பளபளப்பதால் நகம் என்று ஒரு வழி தோன்றுகிறது. ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் நேற்று இரவு முழுக்கப் பார்த்ததில் அந்த வழி அடைபட்டுவிட்டது. சமற்கிருத நகத்துக்கு உறவுகள் மேற்கே வரிசையாக நிற்கின்றன: கிரேக்கத்தில் ஓனிக்ஸ், இலத்தீனில் உங்குயிஸ், ஆங்கில நெயில்கூட அதே வேர்தான். நகத்தின் நிறச்சாயல் இருப்பதாகக் கண்டுதான் ஓனிக்ஸ் என்ற மணிக்கல்லுக்குக் கிரேக்கர் அந்தப் பெயரை வைத்தார்கள். உங்குயிஸையும் உகிரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கை துறுதுறுக்கிறது. இருந்தாலும் ஓசை ஒன்றானதால் உறவு என்று சொல்லிவிட முடியாது. உகிர் திராவிடக் குடும்பத்துக்குள்ளேயே தெளிவாக நிற்கிறது.

ஆக, நகம் வடசொல்லே. அதனால் என்ன? 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ எழுத்தொடு புணர்ந்த சொல்லா கும்மே' என்று, வடவெழுத்தை விட்டு வரும் வடசொல்லுக்குத் தொல்காப்பியர் வாசலைத் திறந்துதானே வைத்திருக்கிறார்? நகத்தில் வடவெழுத்து ஒன்றுகூட இல்லை. நகக்கண், நகச்சுற்று, நகவெட்டி என்று நம் வீட்டில் பிள்ளை குட்டிகளோடு குடியிருக்கும் சொல் அது. 'நகமும் சதையும் போல' என்பதை எந்தத் தாயாவது உகிரும் தசையும் என்று சொல்வாளா?

இன்னொன்று. பூசுதல் என்ற வினையும் எனக்குப் போதவில்லை. சுவருக்குத்தான் பூச்சு. சிலப்பதிகாரத்துக் கடலாடு காதையில் மாதவி ஒப்பனை செய்துகொள்ளும் இடத்தைப் பாருங்கள்: 'அலத்தகம் ஊட்டிய அஞ்செஞ் சீறடி'. பாதத்துக்குச் செம்பஞ்சுக் குழம்பை ஊட்டுகிறார்கள்! பிள்ளைக்குச் சோறு ஊட்டுவதுபோல நிறத்தை ஊட்டுவது. பூம்புகார் இருக்கும் மாவட்டத்தில் அச்சாகும் கையேட்டில் 'நகத்துக்கு நிறம் ஊட்டுக' என்று ஓரிடத்திலாவது வர வேண்டும்.

நாகப்பட்டினத்திலிருந்து, செவ்வாய் மாலை

செவிலியர் என்ற முறையில் கியூட்டிக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 'இறந்த தோல்' என்று எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதினால் வெட்டி எறிந்துவிடுவார்கள். நகத்துக்கும் தோலுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அடைத்துக் கிருமி உள்ளே போகாமல் காப்பதே அதுதான். வெட்டியவர்கள் நகச்சுற்றோடு வந்து நிற்பதை நான் பார்க்கிறேன். 'நகக்காப்புத் தோல்' என்று பெயர் வைத்தால் அதன் வேலை பெயரிலேயே இருக்கும். பூச்சு நீக்கியில் அசிட்டோன் இருந்தால் சட்டென்று தீப்பற்றும். அடுப்பங்கரையில் உட்கார்ந்து செய்யக் கூடாது என்று தடித்த எழுத்தில் போடுங்கள். சொல்லைவிட இது முக்கியம்.

திருவையாற்றிலிருந்து, செவ்வாய் இரவு

செவிலியர் அம்மையாரின் சொல் அருமை. 'உகிர்க்காப்புத் தோல்' என்றால் இன்னும் அருமை.

கோலத்துக்கு வருகிறேன். கோலம் தரையில் இடுவது. மாவை எறும்பு தின்னும், கால் படும், மறுநாள் சாணம் தெளித்து அழிப்போம். உடம்பில் எழுதுவதற்கு நம்மிடம் தனிச்சொல்லே உண்டு: தொய்யில். சந்தனக் குழம்பு கொண்டு மார்பிலும் தோளிலும் எழுதினார்கள். தோளில் கரும்பு எழுதினார்கள். உடலைத் தளமாகக் கொண்ட ஓவியத்துக்கு இவ்வளவு பழைய சொல் கையில் இருக்கும்போது வாசலுக்கு ஓடுவானேன்? உகிரோவியம் செவிக்கு இடறுகிறது என்றால் உகிர்த்தொய்யில் என்று வையுங்கள். அதை யாரும் உயிர் என்று மாற்றிக் கேட்க மாட்டார்கள்.

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் நள்ளிரவு

ஓவியம் கற்பிப்பவன் நான். தொய்யில் காதலன் காதலிக்கு எழுதுவது. அதன் சூழலே வேறு. இருபது பெண்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு செய்யும் தொழிலுக்கு அந்தப் பெயரை வைத்தால் அவர்களுக்குச் சங்கடம் வரும், ஐயா.

எழுதுதல் என்ற வினைக்கு மட்டும் நானும் வாதாடுவேன். 'எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்' என்பது குறள். கண்ணுக்கு மை தீட்டுவது எழுதுவது, தீட்டும் கருவி கோல். தீட்டும்போது கண்ணுக்குக் கோல் தெரிவதில்லை என்கிறாள் தலைவி. மன்னார்குடிப் பெண் நகத்துக்குப் பக்கத்தில் பிடிக்கும் பேனாமுனையும் கோல்தான். ஆகவே புள்ளி வைக்கும் கருவியான டாட்டிங் டூலுக்குப் புள்ளிக்கோல் என்று வைக்கலாம். 'நகவெழுத்து' என்று மட்டும் போய்விடாதீர்கள்; பெயரின் முதலெழுத்தை நகத்தில் எழுதுவது என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் கோலத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கோலம் ஒரே படலம். நகத்தில் நடப்பது அடுக்கு வேலை: அடிப்பூச்சு, அதன்மேல் நிறம், அதன்மேல் வடிவம், மேலே காப்பு. ஒவ்வொன்றும் காயும்வரை காத்திருக்க வேண்டும். இது ஓவியனின் பொறுமை. பெரிய கோயில் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பது 1931இல் தெரியவந்தது. மேற்படலம் பெயர்ந்த இடத்தில் கீழே இருந்தது கண்ணுக்குக் கிடைத்தது. அந்தச் சுவர் முன்னால் ஒருமுறை நின்றவனுக்கு அடுக்கு என்றால் என்ன என்று புரியும். நக ஓவியம் என்றே போடலாம், யாருக்கும் விளங்கும்.

குடந்தையிலிருந்து, புதன் காலை

ஐயாவும் தஞ்சை நண்பரும் கோலத்தை வாசலோடு நிறுத்திவிட்டார்கள். கோலம் என்றால் முதலில் வடிவம், அழகு, ஒப்பனை. மணக்கோலம் என்கிறோம், மணமகளை யாரும் தரையில் போட்டு மாவால் வரைவதில்லை. உற்சவருக்குத் திருக்கோலம். நகக்கோலம் என்றால் நகம் பூண்ட ஒப்பனை. புள்ளியும் அடங்கும், அடுக்கும் அடங்கும், ஒட்டும் கல்லும் அடங்கும். ஓவியம் என்றால் கல் ஒட்டுவது வெளியே நிற்கும்.

ஒரு கேள்வி. மருதாணியால் விரல்நுனிக்குத் தொப்பி வைக்கிறோமே, அதுவும் நகக்கோலத்தில் சேருமா?

மயிலாடுதுறையிலிருந்து, புதன் பிற்பகல்

மருதாணிக் கேள்வியால் என் கையேட்டில் இருந்த ஒரு பிழை தெரிந்தது. நன்றி. பூச்சையும் சாயத்தையும் நான் மாற்றி மாற்றி எழுதியிருந்தேன். இரண்டும் வேறு. நெயில் பாலிஷில் நைட்ரோசெல்லுலோஸ் கரைந்திருக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் அது மெல்லிய படலமாக நகத்தின்மேல் உட்காருகிறது. அசிட்டோன் பட்டால் மறுபடி கரைந்துவிடும். மருதாணியிலுள்ள லாசோன் என்ற நிறப்பொருள் அப்படியில்லை. நகத்திலுள்ள கெராட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துகொள்கிறது. எந்த நீக்கியாலும் போகாது. விரல்நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் வளர்வதால் சிவப்பு மெல்ல மெல்ல நுனிக்கு நகர்ந்து, வெட்டுப்பட்டுத்தான் நீங்கும். ஆடியில் வைத்தது தீபாவளிக்கு நுனியில் பிறையாக நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஆகவே பாலிஷ் நகப்பூச்சு, மருதாணி நகச்சாயம். பன்னிரண்டு பக்கமும் திருத்திவிட்டேன். குடந்தை நண்பர் பூச்சு சுவருக்குரியது என்றாலும் அதை மாற்ற இனி நேரமில்லை. 'நிறம் ஊட்டுக' என்பதை ஆறாம் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

நேற்று மாலை வகுப்பில் வாட்டர் மார்பிள் செய்தோம். கிண்ணத்தில் அறைச்சூட்டில் இருக்கும் தண்ணீர். சிவப்பு ஒரு சொட்டு விட்டால் மேலே வட்டமாக விரிந்தது. அதன் நடுவில் வெள்ளை, மறுபடி சிவப்பு. ஊசிமுனையால் நடுவிலிருந்து வெளியே இழுத்ததும் வளையங்கள் நெளிந்தன. "அக்கா, ஆற்றில் சுழி மாதிரி இருக்கிறது" என்றாள், எட்டாம் வகுப்போடு நின்ற அதே பெண். விரலைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டி, நகத்தை முக்கி, மிதக்கும் மிச்சப் படலத்தைக் குச்சியால் ஒதுக்கிவிட்டு வெளியே எடுத்தோம். நகத்தில் சுழி அப்படியே வந்திருந்தது. நீர்ப்பளிங்கு, நீரோவியம் என்றெல்லாம் நான் யோசித்து வைத்திருந்தேன். அவள் 'சுழிக்கோலம்' என்றாள். அறையில் இருந்த எல்லாரும் உடனே அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கேதான் எனக்குத் தெளிவு பிறந்தது. புள்ளிக்கோலம், சுழிக்கோலம், கல்வைத்த கோலம். ஒரு சொல்லை வைத்தால் அடுத்த சொல் தானாகக் கிளைக்கிறது. உகிரோவியத்திலிருந்து எதுவும் கிளைக்கவில்லை, ஐயா; உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன்.

மன்னார்குடியிலிருந்து, புதன் மாலை

அப்படியானால் பிரெஞ்ச் மெனிக்யூருக்குப் பிறைக்கோலம்! பெயரில்தான் பிரான்சு. 1970களில் அமெரிக்காவில் ஆர்லி நிறுவனத்தின் ஜெஃப் பிங்க் பரப்பியது என்று படித்திருக்கிறேன். நாம் நாட்டின் பெயரைச் சுமக்க வேண்டியதில்லை.

தஞ்சாவூரிலிருந்து, புதன் மாலை

பிறை என்றால் நகத்தின் அடியில் இயற்கையாகவே இருக்கும் வெள்ளைப் பிறையோடு குழப்பம் வரும். வெண்முனை என்று வைத்தால் தெளிவாக இருக்கும். ஓவியத்தை நான் இன்னும் கைவிடவில்லை. ஆனால் வாக்குக் கணக்கில் தனியாக நிற்கிறேன் என்று தெரிகிறது.

மயிலாடுதுறையிலிருந்து, புதன் இரவு

கோப்பை மூடுகிறேன். அட்டையில் நகக்கோலம், கீழே சிறிய எழுத்தில் 'வீட்டிலேயே நகத்தில் ஓவியம்'. நகக்காப்புத் தோல், புள்ளிக்கோல், சுழிக்கோலம், வெண்முனை நால்வரும் உள்ளே இருக்கிறார்கள். தீ எச்சரிக்கை தடித்த எழுத்தில் இரண்டு இடத்தில். தூரிகையை அசைக்காமல் நகத்தைத் திருப்பும் முறைக்கு ஒரு படமும் வரைந்து சேர்த்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

திருவையாற்றிலிருந்து, வியாழன் அதிகாலை

அம்மா, இந்நேரம் கோப்பு போயிருக்கும். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கிளைக்கவில்லை என்றீர்கள். உகிர்க்கோலம் என்று வைத்திருந்தால் உங்கள் புள்ளியும் சுழியும் அதிலிருந்தும் கிளைத்திருக்கும். கோலத்தை ஏற்றுக்கொண்டே இதைச் சொல்கிறேன். ஒன்பதாம் பக்கத்தில் நகச்சுற்று என்று வரும் இடத்தில், அடுத்த அச்சிலாவது, 'உகிர்ச்சுற்று என்றும் சொல்வர்' என்று ஒரு வரி சேருங்கள். மெய்ப்பு எப்போது வந்தாலும் அனுப்புங்கள். இரவானாலும் பார்த்துத் தருகிறேன்.