லேன்டர்ன் ஸ்லைடு: இலாந்தர்ப்படம் என்று வைப்போமா?

குழுவினருக்கு வணக்கம்.

மலைத்தடப் படக் கண்காட்சிக் குறிப்புகளில் லேன்டர்ன் ஸ்லைடு, அதாவது விளக்கொளியால் திரையில் காட்டும் கண்ணாடிப் படம், இந்த ஒரு சொல்தான் இன்னும் இழுபடுகிறது. ட்ரெயிலுக்கு மலைத்தடம், ஹைக்கருக்கு மலைநடையர் என்று முடிவாகிவிட்டது. வெருகல் வழியாகக் கதிர்காமத்துக்கு நடக்கிறவர்கள் பாதயாத்திரிகர்; நேர்த்திக்கடன் ஏதுமில்லாமல் ஆசைக்கு மலையில் நடப்பவர்களுக்கு அந்தப் பெயர் ஒட்டாது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: படங்கள் அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து லோங் ட்ரெயிலில் எடுக்கப்பட்டவை. 1910இல் உருவான கிரீன் மவுன்டன் கிளப் வெட்டத் தொடங்கி, 1930இல் கனடா எல்லைவரை கொண்டுபோய் முடித்த தடம். நீளம் 272 மைல். வேலை முடிவதற்கு முன்பே, 1927இல், மூன்று இளம்பெண்கள் அதை நடந்து கடந்து பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டார்கள். (மலைநடையர் என்ற சொல் இருபாலுக்கும் பொருந்துவது இங்கே வசதி.)

> ஸ்லைடுக்குப் பாடநூலில் வழுக்கி இருக்கிறதே, அதையே எடுத்தால் என்ன?

சேர், உங்கள் மாணவர்களுக்கு வழுக்கி என்றால் நுணுக்குக்காட்டியும் வெங்காயத் தோலும்தான் ஞாபகம் வரும். அதோடு, செங்குத்தான மலைப்படத்தின் கீழே 'வழுக்கி' என்று எழுதினால் யாரோ சறுக்கி விழுந்த இடம் என்றுதான் வாசிப்பார்கள்.

சென்னை நண்பர் சொன்ன 'படவில்லை' அங்கே பழகிய சொல். நமக்கோ வில்லை என்றால் குவிவுவில்லை, குழிவுவில்லை. படம்காட்டும் கருவிக்குள்ளேயே ஒரு வில்லை இருக்கும்போது, 'படவில்லையை வில்லைக்குப் பின்னால் செருகவும்' என்று எழுத எனக்குக் கை வராது. அவரே சொன்ன 'ஒளிச்சில்லு' காதுக்கு இனிமைதான். ஆனால் திருகோணமலையில் சில்லு என்றால் சைக்கிள் சில்லு!

'விளக்குப்படம்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் விளக்கப்படம் என்று ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. ஓர் உகரக்குறி குறைந்தால் போதும், எழுத்துத் திருத்துபவரே அதை அட்டவணைப் படமாக்கிவிடுவார்.

பொருளைக் கொஞ்சம் பாருங்கள். மூன்றேகால் அங்குலத்துக்கு நான்கு அங்குலக் கண்ணாடி. அதில் நேர்ப்படம், நெகட்டிவ் அல்ல. படத்தைச் சுற்றிக் கறுப்புக் கடதாசி மறைப்பு, மேலே இன்னொரு கண்ணாடி, நான்கு ஓரமும் நாடா ஒட்டி மூடியிருக்கும். ஒளி ஊடுருவும் சாயத்தைத் தூரிகையால் தொட்டுப் பலவற்றுக்கு நிறமூட்டினார்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்த மலைக்குப் பச்சை வந்தது அப்படித்தான். நேராகப் பிடித்துப் பார்த்தால் இடது கீழ்மூலையில் ஒரு சிறு பொட்டு. தலைகீழாகத் திருப்பிச் செருகும்போது அந்தப் பொட்டு வலது பெருவிரலுக்கு அடியில் வரும். இருட்டு மண்டபத்தில் படம் கவிழாமல் போக இதுதான் வழி.

ஆக, விளக்கு இல்லாவிட்டால் அது வெறும் கண்ணாடிதான். அந்த விளக்கை ஆங்கிலத்தில் லேன்டர்ன் என்றார்கள். நம்மிடம் இலாந்தர் இருக்கிறது. கரண்ட் இல்லாத வருடங்களில் அதன் வெளிச்சத்தில் படித்தவர்கள் இந்தக் குழுவிலேயே பாதிப்பேர். எனவே இலாந்தர்ப்படம். கடன்சொல் என்று யாராவது மறுத்தால், அவர் வீட்டுச் சாவியையும் ஜன்னலையும் முதலில் கேட்கவேண்டியிருக்கும்.

நிறமூட்டியவற்றை 'கைவண்ண இலாந்தர்ப்படம்' என்று குறித்திருக்கிறேன். மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

---

தம்பி,

சரி, வழுக்கியை விட்டுவிடுகிறேன். இலாந்தர்ப்படம் என்றால் படம்காட்டும் பெட்டி 'பட இலாந்தர்' ஆகும், அதுவும் பொருந்துகிறது. மூலையில் இருக்கும் அடையாளத்துக்குப் 'பெருவிரற்பொட்டு' என்றே போடுங்கள், அதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

கைவண்ணம் மட்டும் வேண்டாம். அந்தச் சொல்லுக்குக் கைத்திறன் என்ற பொருள்தான் முந்திக்கொண்டு வரும், நிறம் தெரியாது. 'கையால் நிறமூட்டியது' என்று நீட்டியே எழுதுங்கள். அட்டையில் இடம் இருக்கிறதுதானே?