முதல் கேள்வியுடன் வரும் மாணவரை எங்கள் பக்கமே திருப்பி அனுப்புகிறது: எதை முதலில் திருத்தலாம்?

நிரலி (வெள்ளவத்தை) எழுதியது:

வணக்கம். தமிழில் நிரலாக்கம் பழகுகிறவர்களுக்காக நாங்கள் சிலர் நடத்தும் இந்த உதவிக் களத்தைப் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். நடத்துகிற எல்லோரும் கொழும்பில் மென்பொருள் வேலை செய்பவர்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் போயா விடுமுறைகளிலும்தான் இதில் கைவைக்க முடிகிறது. ஒன்றை எடுத்தால் மற்றது காத்திருக்க வேண்டும். அதனால்தான் எதை முதலில் எடுப்பது என்று கேட்கிறேன்.

கடைசியாகக் கூடிப் பேசியபோது பதக்கங்கள், புள்ளிப் பட்டியல், கறுப்புப் பின்னணி, தனிச் செயலி என்று யோசனைகள் வந்து குவிந்தன. எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இவை எல்லாம் ஏற்கெனவே உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டவர்களுக்கானவை. வர முயன்று திரும்பிப் போகிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் என் சித்தியின் மகள் கைப்பேசியில் தன் முதல் கேள்வியை இட்டபோது பக்கத்தில் இருந்து பார்த்தேன். குறுக்கே எதுவும் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். கணக்குத் திறந்ததும் உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் குப்பைக் கோப்புறைக்குள் போய்விட்டது. அதைத் தேடி எடுத்து உள்ளே வந்தால், தலைப்புக்குக் கீழே குறிச்சொல் (கேள்வி எதைப் பற்றியது என்று காட்டும் சொல்) கட்டாயம் என்றது பக்கம். பட்டியல் முழுவதும் ஆங்கிலம். ஏதோ ஒன்றைத் தொட்டாள். நிரலை ஒட்டினாள். நிரல் என்று காட்ட மூன்று பின்சாய்வு மேற்கோள்குறி (`) போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும், தமிழ் விசைப்பலகையிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி, குறியீடுகளுக்குப் போய், அடுத்த பக்கத்தையும் புரட்டினால்தான் அந்தக் குறி அகப்படும்.

அதன்பிறகு நடந்ததைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வலைப்பக்கம் அடுத்தடுத்து வரும் வெற்றிடங்களை ஒன்றாகச் சுருக்கிவிடும். வரித் தொடக்கத்தில் இருப்பவற்றை விழுங்கியே விடும். அவள் எழுதிய பைதன் மொழிக்கோ வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி, அதாவது உள்தள்ளல்தான் உயிர். திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் 'ஃபோர்' வரியும் அதற்குள் இருக்க வேண்டிய 'பிரின்ட்' வரியும் ஒரே விளிம்பில் வந்து நின்றன. நல்ல மனதுடன் ஒருவர் உடனே பதில் எழுதினார்: 'உள்தள்ளல் இல்லை, அதுதான் வழு.' அவளுடைய நிரலில் உள்தள்ளல் சரியாகவே இருந்தது. 1 முதல் 10 வரை அச்சிட, எண் வரிசை தரும் 'ரேஞ்ச்' சார்புக்கு 1, 10 என்று கொடுத்திருந்தாள். மேல் எல்லையைப் பைதன் சேர்க்காது என்பதால் 9 உடன் நின்றுவிட்டது. அவள் கேட்டது அது. எங்கள் பக்கம் உண்டாக்கிய வழுவுக்கு அவள் பதில் வாங்கிக்கொண்டு போனாள். அதன் பிறகு ஒரு வட்ஸ்அப் குழுவில் கேட்டுத் தெரிந்துகொண்டாளாம்.

வட்ஸ்அப்பில் பதில் கிடைப்பது நல்லதுதான். ஆனால் அங்கே சொன்ன பதில் மறுவாரம் யார் கண்ணுக்கும் படாது. அதே கேள்வியை மட்டக்களப்பில் ஒரு மாணவர் கேட்பார், ஹட்டனில் இன்னொருவர் கேட்பார். நிரலாக்கக் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 2008 இல் தொடங்கியது. ஆங்கிலத்துக்கு வெளியே ஸ்பானிஷ், போர்த்துக்கீசம், ரஷ்யன், ஜப்பானிய மொழிகளுக்கு அங்கே தனித்தளங்கள் உண்டு. தமிழுக்கு இல்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் நாங்கள் இதைத் தொடங்கினோம்.

கேள்வி இடும் பக்கத்தைக் கைப்பேசிக்காக முற்றாகத் திருப்பி எழுதலாம் என்பது என் எண்ணம். நிரலுக்குத் தனிப் பெட்டி இருக்க வேண்டும். குறிச்சொல் கட்டாயம் கூடாது. திரையைப் புகைப்படம் எடுத்துப் போடுவதை நிறுத்த வேண்டும், ஏனென்றால் படத்திலிருந்து யாரும் நிரலை எடுத்து ஓட்டிப் பார்க்க முடியாது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?


கரும்பலகை (கொட்டாஞ்சேனை) எழுதியது:

தங்கச்சி, நான் தமிழ்மொழிமூலம் இதே பாடத்தைப் படிப்பிக்கிறவன். நிரலுக்குத் தனிப் பெட்டி என்பதை இரண்டு கையாலும் வரவேற்கிறேன். ஆனால் ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து 'உங்கள் கேள்வி' என்று எழுதினால் பிள்ளைகள் 'வேலை செய்யவில்லை, உதவுங்கள்' என்றுதான் எழுதுவார்கள். எப்படிக் கேட்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதைப் பக்கமே சொல்லித்தரட்டும். என்ன செய்ய நினைத்தீர்கள், என்ன நடந்தது, கணினி காட்டிய செய்தி அப்படியே என்ன. இந்த மூன்றையும் பிரித்துக் கேளுங்கள். என் வகுப்பில் வாய்மொழியாக இந்த மூன்றையும் கேட்பேன். மூன்றாவதற்குப் பதில் சொல்லும்போதே பலர் 'சேர், பிடிபட்டுவிட்டது' என்று திரும்பிப் போய்விடுவார்கள்.

இன்னொன்று வெட்கம். பதினேழு வயதுப் பிள்ளைக்குத் தன் பெயரோடு ஒரு தவறான நிரல் என்றென்றைக்கும் இணையத்தில் நிற்பது பெரிய விடயம். முதல் சில கேள்விகளை அனுபவமுள்ள ஒருவர் மட்டும் முதலில் பார்த்து, 'இந்த வரியைச் சேருங்கள், தலைப்பை இப்படி மாற்றுங்கள்' என்று தனியாகச் சொல்லிவிட்டுப் பொதுவில் விட முடியுமா? ஸ்டாக் ஓவர்ஃப்ளோவே 2024 இல் ஸ்டேஜிங் கிரவுண்ட் என்று இப்படி ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய தளத்துக்கே அது தேவைப்பட்டது என்றால் நமக்கு எவ்வளவு தேவை என்று யோசியுங்கள்.

ஒப்படைக்கு முழு விடையை எழுதிக் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து ஊக்குவிக்காதீர்கள். எந்த வரியில் தடுமாறுகிறது என்று காட்டினால் போதும்.


சுட்டெண் (தெஹிவளை) எழுதியது:

கேள்விப் பக்கம் திருந்த வேண்டும், சரி. ஆனால் கேட்கவே தேவையில்லாதபடி பழைய பதில் கிடைத்தால் அதைவிட நல்லது. இப்போது தேடல் பெட்டி தமிழைத் தேடுவதே இல்லை என்று சொல்லலாம். நான் தரவுத்தளங்களோடு வேலை செய்பவன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

'மாறி' என்று தேடுங்கள். 'மாறியை', 'மாறியில்', 'மாறிகளுக்கு' என்று எழுதிய பதிவுகள் வராது. தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் ஒரே சொல் பல வடிவில் கிடக்கிறது, தேடலோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் முழுவுரைத் தேடலில் 12 ஆம் பதிப்பு முதல் தமிழுக்கான சொல்லடி பிரிப்பான் சேர்ந்திருக்கிறது. அது உருபுகளைக் கழற்றிவிட்டு அடியை வைத்துத் தேடும். எல்லாச் சொல்லையும் சரியாக வெட்டும் என்று சொல்லமாட்டேன். ஆங்கிலத்திலிருந்து வந்த கலைச்சொற்களில் வாலைக் கூடுதலாக நறுக்கிவிடலாம். ஆனாலும் இன்றைய நிலைக்கு அது எவ்வளவோ மேல்.

இதைவிட மறைவான சிக்கல் ஒன்று உண்டு. 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் (கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துடன் ஒகரக் குறி ஒன்று, அல்லது ககரத்துடன் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனியாக. திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே, கணினிக்கு வேறு வேறு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டி யூனிகோடுக்கு மாற்றும் சில மாற்றிகள் கொம்பையும் காலையும் பிரித்தே வைத்துவிடுகின்றன. நம்மிடம் பழைய பாடக்குறிப்புகளிலிருந்து ஒட்டிய பதிவுகள் நிறைய இருக்கின்றன. 'தொடர்' என்று தேடினால் அவை அகப்படாததற்கு இதுவே காரணம். உள்ளே வரும் உரையை எல்லாம் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்து சேமித்தால் தீர்ந்தது. போஸ்ட்கிரெஸ் 13 இல் அதற்கென்றே ஒரு சார்பு வந்துவிட்டது. ஔகாரத்துக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டுகிறவர்களை மட்டும் இது காப்பாற்றாது. 'வௌவால்', 'வெளவால்' இரண்டும் அப்படியே வேறாக நிற்கும். அதற்குத் தனியாக ஒரு விதி எழுத வேண்டும்.

தேடல் சரியானதும், தலைப்பைத் தட்டத் தட்ட அதை ஒத்த பழைய கேள்விகளைக் கீழே காட்டுங்கள். 'முன்பே கேட்கப்பட்டது' என்று பூட்டுவதைவிட, முன்பே சொன்ன பதிலைக் கையில் கொடுப்பது மேல்.

ஒரு சின்ன விடயம்: அறிவிப்புகளில் தலைப்பு நடுவெழுத்தில் அறுந்து வருகிறது. 'கேள்வி' என்பது 'கேள' என்று நிற்கிறது. குறியீட்டு எண்களை எண்ணி வெட்டுகிறீர்கள், ளகரத்தோடு புள்ளி தங்கவில்லை. எழுத்தாக எண்ணுங்கள். உலாவியிலேயே அதற்கு வசதி இருக்கிறது.

புள்ளிப் பட்டியலில் நிரலியோடு உடன்படுகிறேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் நீண்ட காலம் ஆதரவு வாக்கிட 15 புள்ளி, பிறர் கேள்விக்குக் கீழே கருத்து எழுத 50 புள்ளி வேண்டியிருந்தது. அங்கே வரும் கூட்டத்துக்கு அந்தக் காவல் அவசியம். இங்கே யாரையும் தடுக்கும் நிலையில் நாம் இல்லை.


பைதன் பழகுகிறேன் (வத்தளை) எழுதியது:

நிரலி அக்கா, புகைப்படத்தைத் தடை செய்ய வேண்டாம். தயவுசெய்து.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் உள்ள கணினிகளுக்கு இணையம் இல்லை. பென் டிரைவ் செருகவும் விடமாட்டார்கள். நிரல் அந்தக் கணினியில் இருக்கிறது, டேட்டா என் அம்மாவின் கைப்பேசியில் இருக்கிறது. வகுப்பு முடிவதற்குள் கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டு வந்து, வீட்டில் அதைப் படம் எடுத்துத்தான் அனுப்புகிறேன். கைப்பேசியில் முப்பது வரியை உள்தள்ளலோடு தட்டிப் பாருங்கள், வெற்றிடப் பொத்தானைத் தட்டித் தட்டியே கை வலிக்கும்.

எனக்கு ஒரு யோசனை இருக்கிறது. நான் போட்ட ஒரு படத்தை யாரோ ஓர் அண்ணா தட்டச்சு செய்து கீழே இட்டிருந்தார். விடை எதுவும் சொல்லவில்லை. அவர் தட்டியதைப் பார்த்தபோதே நான் கொப்பியில் ஒரு முக்காற்புள்ளியை விட்டிருப்பது தெரிந்தது. பதில் சொல்லும் அளவுக்கு இன்னும் படிக்காதவர்கள் இந்த வேலையைச் செய்யலாம். நான் செய்வேன். பரீட்சை முடிந்த பிள்ளைகள் வீட்டில் மடிக்கணினியோடு சும்மா இருக்கிறார்கள், அவர்களும் செய்வார்கள். படத்துக்குக் கீழே 'படியெடுத்துத் தருகிறேன்' என்று ஒரு பொத்தான் வையுங்கள்.

முதல் கேள்விகளைத் தனியாகப் பார்த்துவிட்டுப் பொதுவில் விடலாம் என்று சேர் சொன்னது எனக்கும் வேண்டும்.


கரும்பலகை எழுதியது:

பிள்ளை சொல்வது சத்தியம். கொழும்பு மாநகர எல்லையைத் தாண்டினாலே நிலைமை இதுதான். பிறர் நிரலைப் பார்த்து எழுதுவதும் ஒரு பயிற்சி. அதையே என் மாணவர்களுக்கு வாரவேலையாகக் கொடுக்க நான் தயார்.


நிரலி எழுதியது:

தம்பியோ தங்கச்சியோ, வத்தளையிலிருந்து எழுதியவருக்கு மனமார்ந்த நன்றி. படத்துக்குத் தடை இல்லை. 'படியெடுத்துத் தருகிறேன்' பொத்தான் வருகிறது, படியெடுத்தவரின் பெயரும் கேள்வியிலேயே நிற்கும். பதக்கம் என்று ஒன்று வைப்பதென்றால் முதலில் இவர்களுக்கு வைக்கிறேன்.

பெர்ல் என்ற நிரல்மொழிக்காரர்களுக்குப் பெர்ல்மாங்க்ஸ் என்று 1999 முதல் நடக்கும் ஒரு பழைய தளம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நிரல் துண்டின் கீழும் அதைக் கோப்பாக இறக்கிக்கொள்ளும் இணைப்பு இருக்கும். தோற்றத்தில் மிகப் பழையது, ஆனால் உதவ வருகிறவரின் நேரத்தை மதிக்கிறது. படியெடுத்த நிரலுக்கும் அதையே வைப்போம். பக்கத்திலேயே ஓட்டிப் பார்க்கும் வசதி பின்னால் வரட்டும். உலாவிக்குள் பைதனை ஓட்டும் பயோடைட் பல மெகாபைட் இறக்கும், அம்மாவின் டேட்டாவை அது தின்றுவிடும். அதே வேலைக்கான ஸ்கல்ப்ட் அளவில் அதைவிடச் சிறியது, அதைச் சோதித்துப் பார்க்கிறேன்.

சேர், உங்கள் மூன்று கேள்விகளையும் அப்படியே மூன்று பெட்டிகளாக வரைந்து கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்துக்குக் கொண்டுவருகிறேன். வரும் போயாவுக்கு அடுத்த ஞாயிறு உங்களுக்குச் சரியா? உங்கள் மாணவர் யாராவது இருவர் வந்தால் நல்லது. கணினி வேண்டாம், அவர்கள் வழக்கமாகப் பாவிக்கும் கைப்பேசி போதும். நான் குறுக்கிடாமல் பார்க்கிறேன்.

சுட்டெண் அண்ணா, உங்கள் பதிலைப் படித்த கையோடு சேவையகத்தைப் பார்த்தேன். ஓடுவது போஸ்ட்கிரெஸ் 11. தமிழ்ப் பிரிப்பானும் இல்லை, ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் சார்பும் இல்லை. கேள்விப் பக்கத்தை நான் எழுதுகிற நேரத்தில் தரவுத்தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றும் பொறுப்பை நீங்கள் எடுப்பீர்களா? முழுப் பிரதி ஒன்றை இன்றிரவே எடுத்து வைக்கிறேன்.


சுட்டெண் எழுதியது:

எடுக்கிறேன். பிரதியை முதலில் என் கணினியில் மீட்டு, பழைய பதிவுகளில் எத்தனை 'கொ' உடைந்திருக்கிறது என்று பார்க்கிறேன். அதுவரை நேரடித் தளத்தில் யாரும் கைவைக்க வேண்டாம்.