விக்கியில் பாதிப் பிள்ளைகளுக்குக் கணக்குத் திறக்கவில்லை, அவசரம்

கொழுந்துக்கூடை:
வணக்கம். அட்டன் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. தரம் 10 பிள்ளைகள் 24 பேரைச் சேர்ந்து விக்கியில் எழுத வைக்கிறேன். நேற்று நூலக அறையில் கணக்குத் திறந்தோம். முதலில் உட்கார்ந்தவர்களுக்கு வந்தது, மற்றவர்களுக்கு விடவில்லை. நாளை மறுபடி பாடம். என்ன செய்வது?

டெமோதரை_வளைவு:
எந்த விக்கி டீச்சர்? பாடசாலைக்கென்று நிறுவியதா, விக்கிப்பீடியாவா? "விடவில்லை" என்றால் திரையில் என்ன வந்தது?

தட்டச்சு_மணியம்:
எழுத்துருதான். பயனர் பெயரைப் பாமினியில் அடித்திருப்பார்கள்; அந்தப் பழைய எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும்.

டெமோதரை_வளைவு:
மணியம் அண்ணன், போன மாதம் ஒருவருக்குப் பிரின்டர் ஓடாததற்கும் பாமினிதான் என்றீர்கள்.

மூடுபனி:
சிக்னலாக இருக்கும். பொகவந்தலாவையில் மழை இறங்கினால் ஒரு பக்கம் திறப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும்.

கொழுந்துக்கூடை:
தமிழ் விக்கிப்பீடியா. சிவப்பில் ஏதோ நீளமாக வந்தது, பிள்ளைகள் மூடிவிட்டார்கள். சிக்னல் நன்றாக இருந்தது. எல்லாக் கணினிக்கும் ஒரே ரவுட்டர்.

பழைய_பயனர்:
அந்தக் கடைசி வரியை முதலில் எழுதியிருந்தால் இத்தனை பதில் தேவைப்பட்டிருக்காது. உதவிப் பக்கத்தை யாரும் வாசிப்பதில்லை போலும். ஒரு ஐபி முகவரியிலிருந்து (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) 24 மணி நேரத்தில் 6 கணக்குதான் திறக்கலாம். நாசவேலைக்காரர்கள் கணக்குகளைக் குவிக்காமல் இருக்க வைத்த வரம்பு. ரவுட்டருக்குப் பின்னால் 24 பிள்ளைகள் இருந்தாலும் வெளியே தெரிவது ஒரே முகவரி. எண்ணிப் பாருங்கள்.

கொழுந்துக்கூடை:
ஆமாம், சரியாக 6 பேர்! அப்படியானால் வகுப்புக்கு ஒரே கணக்குத் திறந்து, பாஸ்வேர்டைக் கரும்பலகையில் எழுதிவிடட்டுமா?

பழைய_பயனர்:
கூடவே கூடாது. ஒரு கணக்கு ஒருவருக்குத்தான், பகிர்வது விதிக்குப் புறம்பு. பக்க வரலாற்றில் எல்லா வரியும் ஒரே பெயரில் நின்றால், யாருக்கு எத்தனை புள்ளி போடுவீர்கள்?

டெமோதரை_வளைவு:
சொல்வது சரி, சொல்லும் விதம்தான்... டீச்சர், முடிந்தவர்களை இன்றிரவு வீட்டுப் போனில் டேட்டா போட்டுத் திறக்கச் சொல்லுங்கள். மொபைல் டேட்டாவிலும் பலர் ஒரே முகவரியில் வருவதுண்டு, அதனால் சிலருக்கு அங்கும் தடுக்கும். மிஞ்சியவர்களுக்கு ஆலமரத்தடியில், அதாவது தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கத்தில், கேளுங்கள். கணக்கு உருவாக்கும் அனுமதி உள்ளவர்களுக்கு இந்த வரம்பு இல்லை. அடுத்த தவணைக்கு என்றால் ஐபி முகவரி, தேதி, எத்தனை பேர் என்று சில நாள் முன்பே விக்கிமீடியாவின் தொழில்நுட்பக் கோரிக்கைத் தளமான பேப்ரிக்கேட்டரில் கொடுங்கள், அன்றைக்கு வரம்பைத் தளர்த்துவார்கள். அப்புறம், ஒவ்வொருவரும் முதலில் தன் மணல்தொட்டியில், அதாவது சொந்தப் பயிற்சிப் பக்கத்தில், எழுதட்டும். எல்லோரும் ஒரே பக்கத்தில் "தொகு" அழுத்தினால், பிந்திச் சேமிக்கிற பிள்ளைக்கு, இடையில் வேறொருவர் மாற்றிவிட்டார் என்று தொகுப்பு முரண்பாடு வரும். அழுகையும் வரும்.

மூடுபனி:
என்ன எழுதுகிறார்கள் டீச்சர்?

கொழுந்துக்கூடை:
ஒரு குழு காமன் கூத்து, மன்மதன் கதையை ஆடும் தோட்டத்துக் கூத்து. இன்னொன்று எங்கள் தோட்டத்தின் பழைய தமிழ்ப் பெயர்கள். பாட்டிமாரிடம் கேட்டு எழுதுகிறார்கள்.

பழைய_பயனர்:
பாட்டி சொன்னது சான்றாகாது. நீக்கிவிடுவார்கள்.

மூடுபனி:
லயத்துக் கதையைப் பாட்டியை விட்டால் யார் எழுதி வைத்தார்கள்? தோட்டத் துரைமாரின் செக்ரோல் பதிவேடா?

பழைய_பயனர்:
நான் விதியைச் சொன்னேன். கோபத்துக்கு நான் பொறுப்பல்ல.

மூடுபனி:
காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரியே பேசுகிறீர்கள்.

டெமோதரை_வளைவு:
இரண்டு பேரும் கொஞ்சம் பொறுங்கள். கூத்துக்கு அச்சில் வந்த புத்தகங்கள் உண்டு, இலங்கைத் தமிழ் நூல்களைச் சேர்த்து வைக்கும் நூலகம் தளத்தில் தேடுங்கள் டீச்சர். அதுவும் விக்கிப்பீடியாவின் மென்பொருளான மீடியாவிக்கியில் ஓடுவதுதான், பிள்ளைகளுக்குப் பார்த்த முகமாக இருக்கும். பாட்டிமாரின் பேச்சைப் போனில் பதிந்து வையுங்கள். விக்கிப்பீடியாவில் நிற்காதது பாடசாலையின் சொந்த விக்கியில் நிற்கும். டோக்குவிக்கி மென்பொருள் என்றால் தரவுத்தளம்கூட வேண்டாம், எல்லாம் வெறும் உரைக் கோப்புகள். பழைய கணினி போதும்.

தட்டச்சு_மணியம்:
அதிலும் பாமினி ஆகாது, எங்கும் தமிழாகவே தெரிகிற யூனிகோட்டில்தான் அடிக்க வேண்டும்.

(மறுநாள்)

கொழுந்துக்கூடை:
19 பேருக்குக் கணக்கு வந்துவிட்டது, மீதிக்கு ஆலமரத்தடியில் கேட்டிருக்கிறேன். நன்றி. ஆனால் பிள்ளைகள் வேர்டில் அடித்து வைத்திருந்ததை ஒட்டினால் ஒரே ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது. பெல் அடித்துவிட்டது, பிறகு வருகிறேன்.

தட்டச்சு_மணியம்:
டீச்சர், எந்த எழுத்துரு?